ஆமாவும் இல்லையும் படித்த ஆறு வருஷம்

நான் வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்த பல்கலைக்கழகத்தின் பெயரில் 'சர்வதேச' என்றொரு வார்த்தை உண்டு. மூன்று மாடிக் கட்டடம், கீழ்த்தளத்தில் மெத்தைக் கடை. சர்வதேசம் என்றால் தமிழ்நாட்டுக்காரர்களாகிய நாங்கள், கேரளாக்காரர்கள், ஆந்திராக்காரர்கள், அதோடு நைஜீரியாவிலிருந்து நாலு பேர். அந்த ஊர்க்காரப் பிள்ளை ஒன்றுகூட எங்கள் வகுப்பில் இல்லை. அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

இங்கே எனக்கு சீட்டு கிடைக்கவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் செல்போன் கடைக்கு மேலே உட்கார்ந்திருந்த ஏஜெண்டு, எல்லாம் இங்கிலீஷிலேயே நடத்துவார்கள் பாய், பொண்ணுக்கு ஒரு கஷ்டமும் இருக்காது என்று அத்தாவிடம் சொன்னார். அத்தாவுக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் பெயிண்டு, ஹார்டுவேர் கடை. எங்கள் சொந்தத்தில் எல்லோரும் கடைக்காரர்கள்தான். வீட்டில் ஒரு டாக்டர் வேண்டும் என்பது முதலில் அத்தாவின் ஆசை. அது எப்போது என் ஆசையானது என்று தெரியாது. ஆனால் ஆகிவிட்டது. அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. டாக்டராக வேண்டும் என்று நான் மனசார ஏங்கினேன்.

ஏஜெண்டு சொன்னதில் பொய்யில்லை. பாடம் இங்கிலீஷில்தான் நடந்தது. மெஸ்ஸில் சாம்பார், விடுதியில் தமிழ், போனில் அம்மா. அந்த ஊர் பாஷையில் எனக்கு ரொட்டி, உப்பு, பஸ் இந்த மூன்றும் தெரியும். பரீட்சைக்காக ஒரு வருஷம் அந்தப் பாஷையை மனப்பாடம் செய்து, மறுநாளே மறந்தோம். நாலாம் வருஷம் ஆஸ்பத்திரிக்குள் விட்டபோதுதான் உறைத்தது, நோயாளிகள் யாரும் இங்கிலீஷில் நோய்ப்படவில்லை என்று.

அதற்கும் எங்கள் ஆட்கள் வழி வைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் படித்தவர்கள் கைமாற்றி விட்டுப்போன ஒரு தாள். அதில் அந்தப் பாஷையின் முப்பது கேள்விகள் தமிழ் எழுத்தில் இருந்தன. காய்ச்சல் இருக்கிறதா, வாந்தி வந்ததா, சர்க்கரை உண்டா. தாளை எனக்குக் கொடுத்த சீனியர் அக்கா ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"ஆமா, இல்லைன்னு தலையாட்டுற மாதிரி மட்டும் கேளுடி. எப்படி, எதனாலன்னு கேட்டுடாத. பேச ஆரம்பிச்சிடுவாங்க, அப்புறம் நாம காலி."

மூன்று வருஷம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஒருமுறை ஒரு நோயாளி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசினார். நடுவில் அழுதார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. முகத்தை இரக்கமாக வைத்துக்கொண்டு தலையாட்டினேன். அவர் முடித்ததும் தாளில் அடுத்த கேள்விக்குப் போனேன். 'குறை ஏதுமில்லை' என்று எழுதினேன். பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து நாங்கள் சிரித்தோம். சிரித்தோம் என்று எழுதவே கூசுகிறது, ஆனால் சிரித்தோம்.

ஊர் திரும்பியபோது தெருமுனையில் எனக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே ஒரு தேர்வு எழுதித் தேறினால்தான் டாக்டர். இல்லையென்றால் பட்டத்தை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் ஊற்றிக்கொண்டது. அதற்குள் தெருவில் எல்லோரும் என்னை டாக்டரம்மா என்றே கூப்பிடப் பழகிவிட்டார்கள். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாவது முறை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நாட்களில், மேடவாக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஒரே அறையில் இரண்டு மேஜை. ஒன்றில் நான் நோயாளியிடம் விவரம் கேட்டு எழுதுவேன். அடுத்ததில் டாக்டர் மேடம் பார்ப்பார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அதிகம் பேசமாட்டார்.

ஒருநாள் காலையில் ஓர் அம்மா வந்தார். கோவளத்துப் பக்கம் குப்பம். அபார்ட்மெண்டு அபார்ட்மெண்டாக ஏறி மீன் விற்கிறவர். கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வயிற்றில் கேஸ் என்றார். நான் பேனாவை எடுத்தேன். ஜுரம் இருக்கா? இல்லை. வாந்தி? இல்லை. பேதி? இல்லை. ஒவ்வொரு இல்லைக்குப் பிறகும் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அடுத்ததைக் கேட்டேன். கடைசியில் அவரே பொறுக்காமல் சொன்னார்.

"கூடையத் தூக்கிக்கினு மாடி ஏறுனா நெஞ்சாண்ட புடிச்சிக்கினு வருதும்மா. எறக்கி வெச்சா வுட்டுடுது."

"அத விடுங்க. பசி எடுக்குதா?" என்றேன்.

பக்கத்து மேஜையில் மேடம் எழுந்துவிட்டார். என்னைத் தாண்டி வந்து, அந்த அம்மாவின் கையைப் பிடித்து அப்படியே படுக்க வைத்தார். ஈ.சி.ஜி. எடுத்தார். பத்து நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இதயத்தில் இருந்த அடைப்பை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். நான் எழுதிய தாளில் 'கேஸ்' என்று மட்டும் இருந்தது.

எல்லாம் ஓய்ந்த பிறகு மேடம் கையைக் கழுவிக்கொண்டே, கோபமே இல்லாமல் கேட்டார்.

"அவங்க தமிழ்லதானே சொன்னாங்க?"

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். தமிழ். நான் பிறந்து வளர்ந்த பாஷை. ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது, ஒன்றும் உள்ளே போகவில்லை. பாஷை தெரியாததுதான் என் குறை, ஊருக்குப் போனால் சரியாகிவிடும் என்று இத்தனை வருஷமாக என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திருந்தப் பார்க்காமல் இல்லை. மறுநாளிலிருந்து 'சொல்லுங்க' என்றே ஆரம்பித்தேன். அவர்கள் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் என் முகத்தில் அந்த இரக்கம் ஏறிவிடும், தலை தானாக ஆடும், மனசு அடுத்த கேள்விக்குப் போய்விடும். பிடித்து இழுத்து வந்தாலும் நிற்காது. அந்த வாரம் மட்டும் மேடம் மூன்று முறை என் தாளைத் திருத்தினார். எப்போது சரியாகும் என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த மாதம் முடிவு வந்தது. தேறிவிட்டேன். கம்ப்யூட்டரில் நாலு விடையில் ஒன்றைத் தொடுகிற தேர்வு அது, அதில் எந்த நோயாளியும் பேசுவதில்லை. அம்மா அழுதாள். அத்தா கடையில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். ஒரு வருஷப் பயிற்சி பாக்கி இருக்கிறது என்றேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும் என்றார்.

மறுநாள் என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். பக்கத்துப் போர்ஷனில் இருந்த தையல்காரர் காலி செய்துவிட்டாராம். ஷட்டரைத் தூக்கினார். இது உனக்கு, என் கடைக்குப் பக்கத்திலேயே, வருகிறவர்களுக்கு வாசலில் பெஞ்சு போட்டுவிடலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். அவ்வளவு சந்தோஷமாக அத்தாவை நான் பார்த்ததில்லை. சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்துச் சுவருக்குச் சுவர் அளந்தார்.

"ஒரு மேஜைதாம்மா போட முடியும். ஒண்ணு போதும்ல?" என்றார்.

பக்கத்து மேஜையிலிருந்து எழுந்து வந்த மேடம் ஞாபகத்துக்கு வந்தார். போதும் அத்தா என்றேன்.