அப்பா சாணை பிடித்த பூட்ஸ்

ஒன்பது வயதுக்குள் நான் ஐஸைப் பார்த்தது ஒரே ஒரு முறைதான். ஆம்பூர் ஸ்டேஷனில் மெயில் வண்டி நின்றபோது, முதல் வகுப்புக்காரர்களுக்காக மரத்தூளில் புதைத்து வைத்திருந்த கட்டி ஒன்றை ஒருவன் எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தான். விடாமல் தொணதொணத்ததில் ஒரு சில்லு உடைத்து என் கையில் வைத்தான். ஐயோ சுடுது என்று அலறி அதைத் தண்டவாளத்தில் எறிந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மா என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

அதனால், ஒரு தேசத்தில் ஆறு முழுவதும் அந்தப் பொருளாக மாறிவிடும், அதன்மேல் வாலிபர்கள் மட்டையோடு ஓடிப் பந்தடிப்பார்கள் என்று அண்ணன் வந்து சொன்னபோது, வீட்டில் அதை நம்பத் தயாராக இருந்தவள் நான் ஒருத்திதான். ஞாயிறு பள்ளியில் தண்ணீர் மேல் நடந்த கதையைக் கேட்டு வளர்ந்தவள் இதை நம்ப மாட்டேனா?

அண்ணன் வேலூரில் மிஷன் காலேஜில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் தோலின் உள்பக்கச் சவ்வைக் கத்தியால் சீவுகிற வேலை செய்தார். எங்கள் தெருவிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் பிள்ளை அண்ணன். தோல் சீவுகிறவன் மகனோடு உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது என்று ஹாஸ்டலில் முதல் வாரமே முணுமுணுப்பு எழுந்ததாம். சரித்திரம் போதித்த அமெரிக்கத் துரை ஒன்றும் பேசாமல் தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, ஒரு மாதம் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாராம். முணுமுணுப்பு நின்றது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஜெபத்தில் துரைக்கு நிரந்தரமாக ஓர் இடம் உண்டு.

காலேஜில் ஹாக்கி அணி சேர்த்ததும் அந்தத் துரைதான். சித்திரை வெயிலில் கட்டாந்தரையில் வெறுங்காலோடு ஓடும் நம் பையன்களுக்கு, அவர் ஐஸ் மேல் ஆடிய ஆட்டத்தின் வித்தைகளைச் சொல்லிக்கொடுத்தார். தோளால் இடித்துத் தள்ளுவது அதில் முக்கியமானது. இங்கே அதற்கு அனுமதி இல்லை. அது துரைக்கு அடிக்கடி மறந்துபோகும்.

ஆட்டம் முடிந்து களைத்து உட்காரும்போது தன் காலேஜ் அணியின் சரித்திரத்தைச் சொல்வாராம். அண்ணன் லீவுக்கு வரும்போதெல்லாம் நான் அதைப் பிடுங்கிக் கேட்பேன். முதல் வருஷம் பூட்ஸ் கிடையாது, செருப்பின் அடியில் இரும்புத் தகட்டை வாரால் கட்டிக்கொண்டு ஆடினார்கள். கோலுக்கு இரண்டு பக்கமும் கழற்றிப்போட்ட கோட்டுகள்தான். முதல் ஆட்டத்தில் வாங்கிய கோலை எண்ண ஆளில்லை. ஒரு வருஷம் குளிர் போதாமல் ஆறு உறையவில்லை. பையன்களே வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்து மைதானத்தில் ஊற்றி உறைய வைத்தார்கள். பிறகு பக்கத்துக் காலேஜை ஜெயித்தார்கள், ஊரே தூக்கிச் சுமந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அணியே இல்லை.

"ஏன் இல்ல?" என்று கேட்டேன்.

"தெரியல. அந்த எடம் வந்தா சார் எழுந்து கண்ணாடியத் தொடச்சிக்கினு போய்டுவாரு."

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இரண்டு வருஷமும் குளிர் கம்மி. வாளியில் தண்ணீர் இறைக்கவும் சோம்பல் பட்டிருப்பார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸ் லீவுக்கு அண்ணன் ஒரு சாக்குப் பையோடு வந்தான். உள்ளே துரையின் பூட்ஸ். நம் ஊர் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து, வெயில் காலத்தில் வெடித்து, கருவாடு மாதிரி கிடந்தது. உன் தகப்பனார் தோல் அறிந்தவராயிற்றே, இதற்கு உயிர் கொடுப்பாரா என்று துரை கேட்டாராம். அப்பா அதைத் திருப்பிப் பார்த்தார். அடியில் முன்னிலிருந்து பின்வரை நீளமாக ஒரு எஃகுத் தகடு.

"இன்னாடா இது, பூட்ஸுக்கு அடியில கத்தி?"

"இத மாட்டிக்கினுதாம்பா தண்ணி மேல ஓடுவாங்க."

"படிக்க அனுப்பினா, பெத்தவனுக்கே கத வுடக் கத்துக்கினு வந்திருக்கியா?"

ஆனால் வேலையில் அப்பா விளையாட மாட்டார். நாலு நாள் சாயங்காலம் அதோடுதான் உட்கார்ந்தார். ஈரத்துணியால் பூஞ்சையைத் துடைத்து, நிழலில் காயவைத்து, மீன் எண்ணெயும் கொழுப்பும் கலந்து உள்ளங்கையாலேயே தேய்த்தார். வீடு முழுக்க நாற்றம். நாலாம் நாள் அந்தத் தோல் குழந்தை கன்னம் மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது. உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தவர், ஒன்று சொன்னார்.

"இது தொர போட்ட பூட்ஸே இல்ல. இவனக் காலேஜ்ல சேக்கப் போனப்ப பாத்தேன், தொரைக்கு அகலப் பாதம். இதப் போட்டு நடந்தவன் ஒல்லிக்காலு. எடது காலு ஜாஸ்தி அழுத்தி வெக்கிறவன்."

தோல்காரருக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. அவர் சொன்னதை அப்போது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, நானும்தான். மறுநாள் சனிக்கிழமை, அப்பா வேலைக்குப் போகவில்லை. அண்ணன் சர்ச்சுக்குப் பாட்டுப் பழகப் போயிருந்தான். அப்பா தகட்டின் அடியை விரலால் தடவி உச்சுக்கொட்டினார். நடுவில் நெடுக லேசான பள்ளம், இரண்டு பக்கமும் ஓரம்.

"எவனோ தீட்டத் தெரியாதவன் தீட்டி நடுவுல பள்ளம் பண்ணிட்டான் பாரு. கத்தின்னா ஒரே ஓரமால்ல இருக்கணும். தண்ணி கொண்டா பாப்பா."

நான் தண்ணீர் ஊற்ற ஊற்ற அப்பா சாணைக்கல்லில் தேய்த்தார். வெயில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை தேய்த்தார். பள்ளம் போய், இரண்டு ஓரமும் போய், நடுவில் ஒரே ஒரு ஓரம் மின்னியது. கடைசியில் டேனரிக் கத்தியைச் சோதிக்கிற மாதிரியே தன் முன்கையில் வைத்து இழுத்தார். ரோமம் சுத்தமாக வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானல்லவா தண்ணீர் ஊற்றினேன்!

அண்ணன் வந்து பார்த்தான். பூட்ஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பினான்.

"இன்னாப்பா பண்ணிட்ட? அந்தப் பள்ளந்தாம்பா அதுல எல்லாமே. ரெண்டு ஓரமும் ஐஸக் கவ்வி நின்னாத்தான் ஓட முடியும். ஒரே ஓரமா இருந்தா நிக்கவே முடியாது. உயிரு மாதிரி வெச்சிருந்தாருப்பா. யாரையும் தொடக்கூட வுட்டதில்ல."

தேய்ந்துபோன எஃகை யார் திரும்ப ஒட்டுவது? அப்பா கல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் வந்த வேலை கெட்டது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதுவும் யாருடைய பொருள்! தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்த மனுஷனுக்கு நான் செய்தது இதுவா என்று அம்மாவிடம் சொல்லி அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான். துரையிடம் நீ போகாதே, நான் போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்றான் அண்ணன்.

"கெடுத்தவன் நானு. நாந்தான் போவணும்."

தண்ணீர் ஊற்றியவளும் வருவேன் என்று நான் தரையில் புரண்டதால் என்னையும் கூட்டிப்போனார்கள்.

திங்கட்கிழமை ரயிலில் போய்க் காட்பாடியில் இறங்கி, துரை வீட்டுக்கு ஜட்கா வண்டி பிடித்தோம். பாலாற்றுப் பாலத்தில் போகும்போது எட்டிப் பார்த்தேன். எவ்வளவு அகலம், அவ்வளவும் மணல், ஓரமாக ஒரு கோடு தண்ணீர். துரையின் ஊர் ஆறும் நம் ஆறும் ஒருவிதத்தில் ஒன்றுதான், இரண்டின் மேலும் நடக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் சாக்குப் பையை மடியில் வைத்து இறுகப் பிடித்திருந்தார்.

துரை அப்பாவைக் கட்டாயப்படுத்தி நாற்காலியில் உட்கார வைத்தார். முன்ஷியிடம் பாடம் கேட்டுப் படித்த தமிழ் அவருடையது. பேசினால் பிரசங்கம் மாதிரி இருக்கும். பூட்ஸை வெளியே எடுத்ததும் தோலை முகத்தோடு வைத்து மோந்தார். "ஆகா! இது உயிர்த்திருக்கிறது" என்றார். அப்பா எழுந்து, தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் துரை தகட்டின் மேல் கட்டைவிரலை ஓட்டிவிட்டார். ரத்தம் வந்தது. அப்பா பதறித் தன் துண்டைக் கிழித்துக் கட்டினார்.

துரை கோபிக்கவில்லை. கட்டுப்போட்ட விரலைப் பார்த்தபடி, "மிகவும் கூர்மையாயிருக்கிறது" என்று மட்டும் சொன்னார். நான் எத்தனை நேரம்தான் சும்மா இருப்பது? சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. பனியில் ஏழு வாலிபர்கள், கையில் மட்டை, காலில் இதே மாதிரி பூட்ஸ். இதில் நீங்க யார் என்று கேட்டேன். கண்ணாடி போட்டவனைக் காட்டினார்.

"அப்போ இந்த பூட்ஸு யார்து? உங்க காலு இல்லன்னு அப்பா சொன்னாரு."

அண்ணன் என் தொடையில் கிள்ளினான். துரை அப்பாவை ஒரு கணம் வியப்போடு பார்த்தார். பிறகு போட்டோவில் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்த ஒல்லியான ஒருவனைத் தொட்டார். "இவன் என் தம்பி" என்றார்.

"அவரு எங்க?"

"காக்கி உடுப்புத் தரித்துப் பிரான்சு தேசத்துக்குப் போனான். இவனும் போனான், இவனும், இவனும். என் கண் சரியில்லை என்று என்னை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஆகையால் இரண்டு வருஷம் எங்களுக்கு ஆள் போதவில்லை, மகளே. அணி இல்லை."

அட, குளிர் கம்மி இல்லையா! இத்தனை நாள் தப்பாக நினைத்திருந்தேனே என்று வெட்கமாகப் போய்விட்டது. துரையைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. எல்லாரும் ஊருக்குப் போக, ஒருவரை மட்டும் விட்டுவிட்டுப் போனால் யாருக்குத்தான் வருத்தமாக இருக்காது?

பிரான்சுக்காரர்களைப் பற்றி எனக்குத் தெரியும். பாண்டிச்சேரியில் இருக்கிறார்கள், நல்லவர்கள்தான் என்று அம்மாவின் அண்ணன் சொல்லியிருக்கிறார். ஆகவே தைரியம் சொன்னேன். எங்கள் எதிர்வீட்டுக்காரர் ரங்கூனுக்குப் போய் ஏழு வருஷம் கடுதாசிகூடப் போடவில்லை, போன பங்குனியில் பட்டுக்குடையோடு வந்து நின்றார், உங்கள் தம்பியும் வருவார், வந்தால் சொல்லுங்கள், எங்கள் அப்பா இதற்கு வேறு தகடு வைத்துக் கொடுப்பார் என்றேன்.

துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "சொல்லுகிறேன்" என்றார். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்பா போய்த் துரையின் கட்டுப்போட்ட கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். துரைகளை அப்படித் தொட்டுப் பேசுகிறவரே இல்லை அவர். ஒரு பூட்ஸுக்கு இவ்வளவா என்று எனக்குத் தோன்றியது.

திரும்பும்போது லாங் பஜாரில், நான் கேட்காமலேயே அப்பா எனக்கு ஜிலேபி வாங்கித் தந்தார். எல்லாரும் பயந்த விஷயத்தை நான் ஒருத்தி பேசிச் சரிசெய்துவிட்டேன், அதற்குத்தான் இந்த ஜிலேபி என்று எண்ணிக்கொண்டு அண்ணனுக்குப் பாதிகூடக் கொடுக்கவில்லை.

அன்று சாயங்கால ஜெபத்தில் என் முறை வந்தபோது புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். துரையின் தம்பி பிரான்சிலிருந்து சீக்கிரம் கப்பல் ஏற வேண்டும், வரும்வரை அவர் கால் அளவு மாறாமல் இருக்க வேண்டும். அம்மா ஆமென் என்றாள். அப்பா சொல்லட்டும் என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.