ஒரு செபமாலை நேரம்

ஆறு வயதுப் பிள்ளை. வலது கை விரல்களிலிருந்து முழங்கை வரை வெந்துபோய்விட்டது. கொதிக்கக் கொதிக்க இருந்த மக்காச்சோளக் கஞ்சிப் பானை அவள் மேல் சாய்ந்திருந்தது. அவள் அலறியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். வாயைத் திறந்தபடி சத்தமில்லாமல் என்னையே பார்த்தாள். சுற்றி நின்ற பெண்களும் என்னையே பார்த்தார்கள். நான்தான் அந்த ஊருக்குச் சாமியார். என் கையில் இருந்தது ஒரு டூத்பேஸ்ட்.

டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை, மத்தியானம் ஒரு மணி இருக்கும். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் தெற்குக் கோடியில் ஒரு கிளைக் கிராமம். மறுநாள் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா. கோயில் முற்றத்தில் பெண்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் பெயர் சிசோமோ. மருத்துவமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம். மூன்று நாள் மழையில் தரைப்பாலத்தை மூடிக்கொண்டு ஆறு ஓடியது. ஊருக்கு வரும் நர்ஸும் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார்.

பிள்ளையின் அம்மா மாவைக் குழைத்துக்கொண்டு ஓடி வந்தாள், பூசுவதற்கு. "வேண்டாம்" என்று தடுத்தேன். தடுத்துவிட்டு, நானே என் அறைக்கு ஓடிப் பேஸ்ட்டை எடுத்து வந்து நின்றேன். மூடியைத் திறந்ததும் என் கை நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று சொல்லத்தான் இந்தச் சாட்சியை எழுதுகிறேன்.

நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது எங்கள் ஜெயராணி அக்கா சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலைக்குப் போனாள். ஒருநாள் அவள் இருந்த அறையில் வெடிமருந்து பற்றிக்கொண்டது. அக்கா ஓடித் தப்பித்தாள். இடது கை தப்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அவளை வீட்டு வாசலில் இறக்கினார்கள். தெருவே கூடி அழுதது. யாரோ "இங்க்கு ஊத்துங்க, எரிச்சல் அடங்கும்" என்றார்கள். நான்தான் பள்ளிக்கூடப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து முழுவதையும் அக்கா கையில் கவிழ்த்தேன். உதவி செய்கிறேன் என்று நினைத்தேன். காயம் எவ்வளவு ஆழம் என்று பார்ப்பதற்காக ஆஸ்பத்திரியில் அந்த மையை முழுக்கத் தேய்த்துக் கழுவினார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். அன்று கேட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அக்காவின் இடது கையை நான் நேராகப் பார்த்ததே இல்லை. என் குருப்பட்ட நாளில் எண்ணெய் பூசிய கைகளை முத்தி செய்ய, அதாவது முத்தமிட, எல்லோரும் வரிசையாக வந்தார்கள். அக்காவும் வந்தாள். இரண்டு கைகளாலும் என் கைகளைப் பிடித்தாள். நான் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வேகக்காரன். செமினரியில் எனக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஐம்பத்து மூன்று மணி கோத்த செபமாலையை ஒன்பது நிமிடத்தில் முடிப்பேன். மலாவி வந்த முதல் வருடமே எல்லாம் செய்துவிட வேண்டும் என்று துடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் பைக்கில் மூன்று கிராமம், மூன்று பூசை. வாரத்தில் நோயாளிகள், பள்ளிக்கூடம், பாடற்குழு, பையன்களுக்குப் பந்து விளையாட்டு. வெயில் நம்ம விருதுநகர் வெயில்தான், அதில் எனக்குக் கஷ்டமில்லை. சாப்பாடு களி மாதிரி, அதிலும் கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் நேரத்தில். ஒன்பது மணிப் பூசைக்குப் பதினோரு மணிக்கு வருவார்கள். காணிக்கையை ஆடிக்கொண்டே கொண்டுவருவார்கள். செபமாலையில் ஒவ்வொரு பத்து மணி முடிந்ததும் நின்று ஒரு பாட்டு முழுக்கப் பாடுவார்கள். நான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். செபத்தை முன்னின்று நடத்தும் எங்கள் உபதேசியார் பெனடிக்ட் என் முழங்காலில் கை வைத்து, "பங்ஓனோ, பாம்போ" என்பார். பாம்போ என்றால் ஃபாதர். பங்ஓனோ என்றால் நம் ஊர்ப் பேச்சில் 'பைய', மெதுவாக.

சரி, அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

எங்கள் கிராமத்தில் போன் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கரையான் புற்று. அதன் உச்சியில் ஏறி நிற்க வேண்டும். தூறலில் ஓடினேன், ஏறினேன். மருத்துவமனைக்கு அடித்தேன். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. பேஸ்ட் இன்னும் கையில்தான் இருந்தது. எனக்குச் செபம்கூட வரவில்லை. இவ்வளவுதான் சொன்னேன்: "ஆண்டவரே, தெரிஞ்ச ஒரு ஆளை அனுப்பும். ஒரே ஒரு ஆள்."

போன் அடித்தது.

திரையில் அக்கா பெயர். சாட்சி என்பதால் உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் கேட்டது ஒரு டாக்டரை. அழைப்பைத் துண்டிக்கத்தான் விரலை வைத்தேன். விரல் ஈரம். வழுக்கிப் பச்சைப் பக்கம் போய்விட்டது.

"ஏலே, சாமியாரே! சாப்ட்டீகளா? இந்தா, சாம்பல் புதன் எப்ப வருதுன்னு சட்டுனு சொல்லு. கோயில் காலண்டர் ஆர்டரு. ரெண்டு புரூஃப்ல ரெண்டு தேதி கெடக்கு. பிளேட்டு மிஷின்ல ஏறிருச்சு, பாய் கத்துதாரு."

அக்கா இப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் பைண்டிங் வேலை செய்கிறாள். பாய் அந்த அச்சகத்தின் முதலாளி.

"அக்கா, ஒரு பிள்ளைக்குக் கை வெந்துருச்சுக்கா."

மிஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவே அக்காவின் குரல் வேறு மாதிரி வந்தது.

"எம்புட்டு நேரமாச்சு?"

"பத்து நிமிசம் இருக்கும்."

"என்ன போட்டீக?"

"ஒண்ணும் போடல. பேஸ்ட்டு கையில வச்சிருக்கேன்."

"தூரப் போடு." அதட்டினாள். "அன்னைக்கு இங்க்கு, இன்னைக்குப் பேஸ்ட்டா? இத்தன வருசம் செமினரியில என்னத்தலே படிச்ச?"

மையைப் பற்றி அத்தனை வருடத்தில் அக்கா பேசியது அதுதான் முதல் தடவை. பேஸ்ட்டை வீசி எறிந்தேன்.

"தண்ணி இருக்கா?"

"அடிபம்பு இருக்குக்கா."

"அடிக்கச் சொல்லு. கை மேல தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். பீச்ச வேண்டாம், பைய ஓடுனாப் போதும். கையில கயிறு, வளையல் எதும் கெடந்தா இப்பவே கழட்டு. வீங்கிச்சுன்னா வெட்டித்தான் எடுக்கணும்." பிறகு போனை நகர்த்திக் கத்தினாள். "பாய்! மிஷின நிப்பாட்டச் சொல்லுங்க! எந்தம்பி பேசுறது கேக்கல!"

"ஏம்மா, பிளேட்டு ஏறிருச்சு, பேப்பரு ஏறிருச்சு..."

"ஒரு பச்சப்பிள்ள கை வெந்து கெடக்கு பாய்!"

"அதச் சொல்லக் கூடாதா மொதல்ல? ஏலே, நிப்பாட்டுங்கலே! எல்லாத்தையும் நிப்பாட்டுங்க!"

சீசன் நேரத்தில் சிவகாசியில் ஒரு மிஷின் நிற்கிறது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அது நின்ற அமைதியை நான் மலாவியில் ஒரு புற்றின் மேல் நின்று கேட்டேன்.

இறங்கி ஓடினால் சிக்னல் போய்விடும். இறங்காவிட்டால் பம்புக்குச் சொல்ல முடியாது. என் பின்னாலேயே ஓடி வந்திருந்த பெனடிக்ட் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். புற்றிலிருந்து பம்பு வரை, கூப்பிட்டால் கேட்கும் தூரத்துக்கு ஒருவராகப் பெண்களை நிறுத்தினார். நான் "மாட்ஸி!" என்று கத்தினேன். அவர்கள் மொழியில் தண்ணீர். மாட்ஸி, மாட்ஸி என்று அந்த வார்த்தை வாய்க்கு வாய் இறங்கிப் போய்ப் பம்பைத் தொட்டது. பம்பு சத்தம் போட ஆரம்பித்தது. சிசோமோ அலற ஆரம்பித்தாள். அந்த அலறலைக் கேட்டு என் உயிர் திரும்பி வந்தது.

சிசோமோவின் மணிக்கட்டில் பாசிமணிக் கயிறு கட்டியிருந்தது. அதை எடுக்கச் சொன்ன செய்தியும் இறங்கிப் போனது. கயிறு அறுந்தது.

"எம்புட்டு நேரம்க்கா ஊத்தணும்?"

"இருவது நிமிசம்."

"பிள்ள கத்துறா. அவ அம்மா நிறுத்தச் சொல்லுதாக்கா."

"நிறுத்தக் கூடாது. இந்தா பாரு, செபமாலை சொல்லச் சொல்லு. அம்பத்து மூணு மணியும். அது முடியுற வரைக்கும் தண்ணி நிக்கக் கூடாது. ஒன்ன மாதிரி ரயிலு ஓட்டக் கூடாது, பையச் சொல்லணும்." பிறகு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு அன்னைக்கு ஒருத்தரும் தண்ணி ஊத்தலலே."

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அங்கே அச்சகத்தில் அவளே செபமாலையைத் தொடங்கிவிட்டாள்.

பெனடிக்ட் இங்கே தொடங்கினார். ஒரு காதில் தமிழ், மறு காதில் அவர்கள் மொழி. ஒவ்வொரு பத்து மணிக்கும் நின்று பெண்கள் பாடினார்கள். பம்படிக்கிற ஆள் அந்தப் பாட்டின் தாளத்துக்கே அடித்தாள், ஆள் மாறி மாறி அடித்தார்கள், ஒரு நொடி தண்ணீர் அறுபடவில்லை. எத்தனை தடவை அந்தப் பாட்டுக்கு நான் காலை ஆட்டியிருக்கிறேன்! என் வேகத்தில் சொல்லியிருந்தால் ஒன்பது நிமிடத்தில் தண்ணீர் நின்றிருக்கும். எரியும் முட்செடியிலிருந்து கடவுள் பேச, மோயீசன் செருப்பைக் கழற்றியதை நான் பிரசங்கத்தில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான், அந்தப் புற்றின் மேல், நானும் செருப்பைக் கழற்றினேன்.

செபமாலை முடிந்தது. "சுத்தமான வெள்ளத்துணி இருக்கா?" என்றாள் அக்கா.

"பூசைத் துணிதான் இருக்கு. துவச்சுத் தேச்சு வச்சது."

"பெறகென்ன, எடுலே! ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. இறுக்கிக் கட்டாத. கொப்புளத்த ஒடைக்காத. ஒடம்பப் போத்தி வையி. உப்பும் சீனியும் போட்டுத் தண்ணி குடுத்துக்கிட்டே இரு."

அக்காவோடு வேலை செய்யும் மாரியம்மா போனைப் பிடுங்கிப் பேசினார்: "சாமி, நான் இருக்கன்குடி ஆத்தாட்ட நேந்துக்கிட்டேன். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க அழாதீக." அப்போதுதான் நான் அழுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. அதோடு லைன் போய்விட்டது.

மறுநாள் காலையில் ஆறு கொஞ்சம் இறங்கியது. படகில் பிள்ளையை அக்கரை சேர்த்தோம். மருத்துவமனையில் துணியைப் பிரித்த டாக்டர் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இவ்வளவு நேரம் தண்ணீர் விடச் சொன்னது யார்? பூசாமல் விட்டது யார்? இல்லையென்றால் இந்த விரல்கள் மடங்கியிருக்காது" என்றார். "சிவகாசியில் காலண்டர் பைண்டிங் செய்கிற ஒரு அம்மா" என்றேன். ஃபாதருக்குத் தூக்கமில்லை என்று அவர் நினைத்திருப்பார். ஆறாவது வாரம் சிசோமோ ஐந்து விரலையும் மடக்கிக் காட்டினாள்.

அன்றே அக்காவுக்குப் போன் செய்தேன். ஆர்வத்தில் பொங்கிக்கொண்டு சொன்னேன், "அக்கா, நீ பட்டதெல்லாம் இந்தப் பிள்ளைக்காகத்தான்னு தோணுது."

"அப்படியெல்லாம் பிரசங்கம் வைக்காதலே" என்றாள் பட்டென்று. "ஒரு பிள்ளையக் காப்பாத்த இன்னொரு பிள்ளையக் கொளுத்துற சாமிய நான் கும்பிடல. என்னைய எரிச்சது மருந்து. ஆனா நீ கூப்பிட்ட நேரத்துல எம்போனை அடிக்க வச்சாருல்ல, அது அவரு. அத மட்டும் சொல்லு."

எத்தனையோ வருட இறையியல் படிப்பில் எனக்குக் கிடைக்காத பாடம். அதை மட்டுமே சொல்கிறேன்.

ஆமாம், தவக்காலம் தொடங்கும் அந்தச் சாம்பல் புதன் எப்போது என்று நான் சொல்லவேயில்லை. அந்தக் களேபரத்தில் யாரும் கேட்கவும் இல்லை. மிஷினில் ஏறியிருந்த பிளேட் தப்பானது. அதுவே ஓடி முடிந்தது. ஊரில் எங்கள் பங்குக் காலண்டரில் தவக்காலம் ஒரு வாரம் தாமதமாகத் தொடங்கியது. பங்குச் சாமியார் திட்டித் தீர்த்தாராம். பாய் சிரித்துக்கொண்டே எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தாராம். ஸ்டிக்கர் ஒட்டாத ஒன்றை அக்கா எனக்கு அனுப்பினாள். அந்தத் தப்பான புதன்கிழமையில், அந்த மத்தியானத்தின் நினைவாக, மலாவியில் எங்கள் கிராமம் பம்படியில் கூடியது. பெண்கள் குடங்களோடு வந்தார்கள். செபமாலை தொடங்கி முடியும் வரை குடம் மாற்றிக் குடமாகத் தண்ணீர் பிடித்தார்கள். கடைசிப் பத்து மணிக்குப் பம்படித்தது சிசோமோ, வலது கையால். கிட்டத்தட்ட அதில் தொங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மே மாதம் விடுமுறையில் ஊருக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் அக்கா நின்றாள். வழக்கம்போல என் கையை முத்தி செய்யக் குனிந்தாள். நான் விடவில்லை. அவள் இடது கையைப் பிடித்தேன். பார்த்தேன். சுருங்கிய தோல், இரண்டு விரல் முழுதாக நிமிராது. சுண்டு விரல் நகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மச்சம். அது எனக்குத் தெரியவே தெரியாது. அத்தனை பேர் முன்னால் குனிந்து அந்தக் கையை முத்தி செய்தேன்.

"என்னலே, இங்க்கு வாசம் அடிக்குதா?" என்றாள். சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று வெந்துகொண்டிருக்கலாம். ஒரு நோய், ஒரு பிள்ளை, யாரிடமும் சொல்ல முடியாத ஒரு பழைய தப்பு. கேளுங்கள். வார்த்தை வராவிட்டால் ஒரே வரியில் கேளுங்கள், நான் அப்படித்தான் கேட்டேன். பதில் யாருடைய நம்பரிலிருந்து வர வேண்டும் என்று மட்டும் நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். பக்கத்தில் பம்பு இருந்தால் அடித்துக்கொண்டே செபியுங்கள். நான் இப்போது செபமாலையைப் பையத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு பத்து மணிக்கும் நின்று பாடுகிறேன். பெனடிக்டுக்கே சில நாள் அவசரமாக இருக்கிறது.