வெறும் பிளாஷ்

ஒவ்வொரு படத்தையும் எடுத்து முடித்ததும் வெயிலுமுத்துவின் வலது கட்டைவிரல் கேமராவின் மேல்மூலையில் கால் வட்டம் அடித்துவிட்டுச் சும்மா திரும்புகிறது. பழைய கேமராவில் அந்த இடத்தில் பிலிமைத் தள்ளும் கைப்பிடி இருந்தது. புதிதாக வாங்கிய டிஜிட்டல் எஸ்.எல்.ஆரில் அது கிடையாது. இருபத்துமூன்று வருஷப் பழக்கத்தில் இருக்கிற விரலுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. "வெரலு பித்துக்குளி மாதிரி தேடுது, பாத்தியளா" என்று அவரே சிரித்துக்கொள்வார்.

கோவில்பட்டியில், ரயிலடிக்குப் போகும் சந்தில் ஒரு மாடியில்தான் அவருடைய ஸ்டூடியோ. ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லி மனிதர். கரிசல் வெயில் கொளுத்தும் சித்திரையிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்ற மாட்டார். மதுரையில் கேமரா வாங்கிய அன்று பெட்டியை மடியில் வைத்தபடியே பஸ்ஸில் வந்தாராம். சாத்தூரில் பஸ் நின்றபோது டீ குடிக்கக்கூட இறங்கவில்லை.

புதுக் கேமரா எப்படி என்று மறுநாள் கேட்டேன். மாப்பிள்ளை எப்படி என்று கேட்கப்பட்ட மாமனார் மாதிரி யோசித்தார். "கனம் கம்மி. படமும் தெளிவாத்தான் விழுது. ஆனா சத்தம் பத்தாது. பழச அமுக்குனா மேடையில நிக்கவன் நிமிந்துருவான். இது தும்முன மாதிரி இருக்கு." சற்றுப் பொறுத்து, "எடுத்த ஒடனே படத்த முதுகுல காட்டிருதுல்லா, அதுதான் எனக்குப் பிடிபடல" என்றார். மெமரி கார்டை அவர் நம்புவதில்லை. நகத்தளவு தகட்டில் ஒரு கல்யாணமே அடங்கும் என்பது அவருக்கு ஏமாற்று வேலையாகத் தோன்றுகிறது. பழைய பிலிம் டப்பாவுக்குள் கார்டைப் போட்டு மூடி, உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். முப்பத்தாறு படம் எடுத்ததும் கூட்டத்துக்கு முதுகு காட்டித் திரும்பி, ரோல் மாற்றப் போய், நினைவு வந்து மறுபடி திரும்புகிறார்.

பிலிம் காலத்துச் சங்கதி ஒன்றையும் அவர்தான் எனக்குச் சொன்னார். கல்யாணத்துக்கு மூன்று ரோல் என்று பேசியிருப்பார்கள். மேடையேறுகிறவர்களோ முந்நூறு பேர். யாரையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொன்னால் தலைமுறைப் பகை. அதனால் பெண்ணின் தாய்மாமா ஒருவர் இவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். மேடையில் நிற்பவர் ஆல்பத்துக்கு உரியவர் என்றால் தாய்மாமா தொண்டையைக் கனைப்பார். கனைப்பு வந்தால் படம். வராவிட்டால் இவர் இடது கையில் இருக்கும் பிளாஷின் சோதனைப் பொத்தானை மட்டும் அமுக்குவார். வெளிச்சம் விழும், பிலிம் நகராது. நின்றவர்கள் திருப்தியாக இறங்கிச் சாப்பிடப் போவார்கள்.

"ஆனா ஒண்ணு, அண்ணாச்சி. வெறும் பிளாஷா இருந்தாலும் போகஸ் பண்ணாம அடிக்க மாட்டேன். முகத்த நல்லாப் பாத்துட்டுத்தான் அடிப்பேன்" என்றார், ஏதோ பெரிய நேர்மை போல. அவருக்கு முன்னால் நாற்பது கல்யாணங்களிலாவது தலைவாரி நின்றிருக்கிறேன். என்னை எத்தனை முறை எடுத்தீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு இருக்கும்" என்றார் கூசாமல். நான் சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உறுத்தியது.

புதுக் கேமராவுடன் அவர் போன முதல் கல்யாணம் கழுகுமலையில். நானும் அழைக்கப்பட்டிருந்தேன். வெறும் பிளாஷுக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று. மேடையை விட்டு இறங்கியவர்கள் பந்திக்குப் போகாமல் நேராக அவருக்குப் பின்னால் வந்து நின்றார்கள். "எங்க, காட்டுங்க." "எம் மூக்கு இப்படியா இருக்கு? அழிச்சிட்டு வேற எடுங்க." அவரும் சளைக்காமல் எல்லாரையும் எடுத்தார், எல்லாருக்கும் காட்டினார். முகூர்த்தம் முடிவதற்குள் இருநூறு படம் தாண்டியது.

கூட்டம் கலைந்த பிறகும் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். செல்வலட்சுமி, தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள். மேடையில் தனியாக நின்று எடுத்த தன் படத்தைப் பார்த்துவிட்டு, "இது பின்னால போகச் சொன்னா போகுமா அண்ணாச்சி?" என்றாள்.

"போகும் தாயி."

"அப்ப இன்னும் பின்னால போங்க. கயத்தாத்துல எங்க அக்கா மவ கல்யாணத்துக்கு நீங்கதான படம் எடுத்திய? ஆறு வருசம் இருக்கும். நானும் எங்க வீட்டுக்காரரும் சேந்து நின்னோம்லா. அது வார வரைக்கும் போங்க."

பக்கத்தில் ஒருவர் சிரித்தார். வெயிலுமுத்து சிரிக்கவில்லை. நடக்காது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொத்தானை அமுக்கிக்கொண்டே போனார். தாலி கட்டு போயிற்று, மாப்பிள்ளை அழைப்பு போயிற்று. கடைசியில் ஸ்டூடியோவின் எதிர் மாடியில் காயப்போட்டிருந்த மிளகாய் வற்றல் வந்து நின்றது. கேமரா வாங்கி வந்து அவர் எடுத்த முதல் படம் அது.

"இதுக்குப் பின்னால ஒண்ணும் இல்ல தாயி. அது வேற கேமரா."

"அப்ப நெகட்டிவ் இருக்கும்லா? அக்கா வீட்டு ஆல்பத்துல எங்கள ஒட்டல. போட்டோக்காரவிய கிட்டதான் இருக்கும்னாவ. எங்க வீட்டுக்காரரு தவறி ரெண்டு வருசமாச்சு. ஓட்டு அட்டையில இருக்க படத்தப் பெருசு பண்ணி மாட்டியிருக்கேன், யாரோ களவாணி மாதிரி இருக்காவ. ரெண்டு பேரும் சேந்து நின்னது அது ஒண்ணுதான்."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. முந்திக்கொண்டு, "பழைய நெகட்டிவெல்லாம் பூஞ்சை பிடிச்சிருக்கும்மா" என்றேன். நல்லது செய்வதாக நினைப்பு. வெயிலுமுத்து என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் எனக்கு வெட்கமாகிவிட்டது.

"பூஞ்சையும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றார் அவளிடம். "அன்னைக்கு ஒங்கள நான் எடுக்கல தாயி. பிலிம் காணாதுன்னு வெறும் வெளிச்சம்தான் அடிச்சேன். நெறைய பேருக்கு அப்படிச் செஞ்சிருக்கேன்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் அவருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"அன்னைக்கு பஸ்ஸுல ஊரு வார வரைக்கும் அவிய கேட்டுக்கிட்டே வந்தாவ" என்றாள் பிறகு. "வெளிச்சத்துல கண்ண மூடிட்டனோ, மூடிட்டனோன்னு. படம் வந்தாத் தெரியும், சும்மா வாங்கன்னேன். நீங்க பாத்துக்கிட்டுதான அண்ணாச்சி இருந்திய? மூடிட்டாவளா?"

"மூடல" என்றார் வெயிலுமுத்து உடனே. "பாக்குக் கலர் சட்ட. ஒங்களுக்கு வலது பக்கம் நின்னாரு. எடுத்த மொகமெல்லாம் மறந்து போகுது தாயி, எடுக்காம விட்டது மறக்க மாட்டேங்கு."

அவள் முகத்தில் ஒரு தவிப்பு. சொன்னது போதவில்லை என்று அவருக்கும் தெரிந்தது. மணமக்கள் சாப்பிடப் போயிருந்ததால் மேடை காலியாகக் கிடந்தது. கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வெயிலுமுத்து மேலே ஏறினார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி வைத்து, கண்ணைக் கொட்டாமல் அகல விழித்தபடி நின்றார்.

"இப்படித்தான் நின்னாரு."

செல்வலட்சுமி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு எட்டு பின்னால் போய் மறுபடியும் பார்த்தாள்.

"நாடிய இன்னுங் கொஞ்சம் தூக்குங்க அண்ணாச்சி" என்றாள்.

வெயிலுமுத்து தூக்கினார்.