பல்லக்காவின் சனிக்கிழமை

கடையின் வெள்ளைக் கோப்பை ஒன்றை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெல்லத் திருப்புகிறாள்.

"இது முப்பது வயசு. ஒழுங்காத் தேய்க்கிற ஆளு."

அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறாள்.

"இவருக்கு அறுபது தாண்டிடுச்சு. சிகரெட் இல்ல, டீதான் ஜாஸ்தி."

விற்பனைப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் கல்லாவுக்குப் பின்னால் குனிந்துகொள்கிறாள்.

பல் செய்வது அவள் தொழில். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்து, பீங்கான் தூளைக் குழைத்து, எறும்பு மீசை போன்ற தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றி, சின்ன அடுப்பில் சுட்டு, யார் யாருக்கோ பல்லாக்கி அனுப்புகிற லேப் ஒன்றில் வேலை. வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது என்பது அவள் கட்சி. எந்த வெள்ளைக் கோப்பையைப் பார்த்தாலும் அது எந்த வயசுக்காரருடைய பல்லின் நிறம் என்று சொல்லிவிடுவாள். "கப்பும் பல்லும் அக்கா தங்கச்சிங்க. ஒண்ணு டீயை வாங்கிக்குது, இன்னொண்ணு உள்ளே அனுப்புது," என்பாள். கடையில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர் விழுந்தது இப்படித்தான். புதிதாகச் சேர்ந்த காவலாளி, "பல்லக்கா வந்தாச்சு" என்ற குரலைக் கேட்டு, நம் கடையில் பல்லக்கெல்லாம் விற்கிறோமா என்று வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்த கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

விற்றாலும் ஆச்சரியமில்லை, அப்படிப்பட்ட கடை அது. ஒரே மரத்துண்டில் வளைத்தெடுத்த முக்காலி, அணைந்திருக்கும்போதுகூட எரிவதுபோலத் தோன்றும் செம்பு விளக்கு, பூனைக்குட்டியைப் போல மடியில் சுருளும் கம்பளி, தூக்கினால் கை தானாகவே சரியான இடத்தைப் பிடித்துக்கொள்ளும் காப்பிக் குடுவை. விலைச்சீட்டுகள் எல்லாம் அடக்கமாகக் கவிழ்ந்து கிடக்கும். பல்லக்கா ஒன்றையும் நிமிர்த்திப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை மதியம் லேப் மூடியதும் வீட்டுக்குப் போய்க் குளித்து, இருப்பதிலேயே நல்ல உடுப்பை உடுத்தி, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். புருஷனுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து முதுகு விட்டுப்போனவர்.

"வாங்கப் போறதில்ல. சும்மா பாக்கறதுக்கு எதுக்கு இவ்ளோ பவுடர்?" என்று கேட்டார் ஒருநாள்.

"நான் மட்டுமா பாக்கறேன்? அதுங்களும் என்னைப் பாக்குதுல்ல?"



கடை முதலாளியம்மா பெரும்பாலும் ஊர் ஊராகப் போய்ச் சரக்குத் தேர்ந்தெடுப்பவர். நரைத்த கூந்தலும் நிமிர்ந்த நடையுமாக இருப்பார். சிரிப்பு மட்டும் விசேஷ நாளுக்கு எடுத்துவைத்ததுபோல எப்போதாவதுதான் வெளியே வரும். ஒரு சனிக்கிழமை அவர் கடையில் இருந்தார். பல்லக்கா வழக்கம்போல ஒவ்வொரு அலமாரியாகத் தொட்டு, தட்டி, முகர்ந்து, தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வெகுநேரம் கவனித்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"வாங்கறதா இருந்தா எடுத்துப் பாருங்க. இல்லைன்னா கண்ணால பாத்தாப் போதும். இது பார்க் இல்ல."

பல்லக்கா கையிலிருந்த கோப்பையை, கைப்பிடி வலப்பக்கம் பார்க்கும்படி, சத்தமில்லாமல் வைத்தாள். "சரிங்க மேடம்," என்றாள். வெளியே வந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்த பிறகுதான் காது மடல் சுடுவது தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் எங்கும் போகவில்லை. வீட்டில் இருந்த தம்ளர்களை எல்லாம் இறக்கித் துலக்கினாள். துலக்கியதையே திரும்பத் துலக்கினாள்.

"இன்னிக்குப் பவுடர் போடலையா?" என்று மெதுவாகக் கேட்டார் புருஷன்.

"யாரு பாக்கப் போறாங்க?" என்றாள்.



இரண்டு நாள் கழித்து லேப்புக்கு ஓர் அவசர வேலை வந்தது. முன்பல் உடைந்துபோச்சு, வெள்ளிக்கிழமை கடையில் ஆண்டுவிழா, பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், நிறம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்று பல் டாக்டர் ஆளையே நேராக அனுப்பியிருந்தார். வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு உள்ளே வந்தது முதலாளியம்மா.

பல்லக்கா முகக்கவசம் போட்டிருந்தாள். தலையில் குல்லா, மேலெல்லாம் பிளாஸ்டர் தூள். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, மாதிரிப் பற்கள் கோத்த பட்டையை எடுத்துக்கொண்டாள்.

"சிரிங்க மேடம்."

"எப்படிச் சிரிக்கறது? இருக்கற நிலைமையில?"

"சிரிச்சாத்தான் கலர் தெரியும். எப்படி உடைஞ்சுது?"

முதலாளியம்மா கொஞ்சம் தயங்கினார். "பார்சல் வந்துச்சு. நூலு அவுக்க வரலை. பல்லால கடிச்சு இழுத்தேன்."

"பார்சல்ல என்ன இருந்துச்சு?"

"கத்தி."

 பல்லக்கா வெடித்துச் சிரித்தாள். முதலாளியம்மாவுக்கும் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, இதுதான் சமயமென்று பல்லக்கா மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள்.

"நல்லா வெள்ளையா போட்டுடுங்க."

"வேணாம் மேடம். கல்யாண வீட்ல தெரியாதவங்க நுழைஞ்ச மாதிரி தனியா நிக்கும். உங்க கடையில ஜன்னல் பக்கத்து அலமாரியில, மேல் தட்டுல ஒரு கப்பு இருக்கே, உதடு மட்டும் லேசா வெண்ணெய் பூசின மாதிரி? அந்தக் கலருதான் உங்களுக்கு."

முதலாளியம்மாவின் சிரிப்பு நின்றது. முகக்கவசத்துக்கு மேலே இருந்த கண்களை உற்றுப் பார்த்தார்.

"நீங்க... சனிக்கிழமை..."

"ஆமா மேடம். வாயை மூடாதீங்க."

அவர் போனதும் பக்கத்து மேசைக்காரிக்குக் கதை முழுவதும் தெரிந்துவிட்டது. "நல்ல சான்ஸ். கொஞ்சம் மஞ்சளாப் போட்டு விடு," என்றாள்.

"பல்லு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் பல்லக்கா.

அந்தப் பல்லுக்கு அவள் செய்யாத சீராட்டு இல்லை. ஈறுப் பக்கம் ஒரு துளி மஞ்சள், நுனியில் கண்ணாடிபோல ஒரு சாயல், நடுவே தலைமுடி இழையில் பாதிகூட இல்லாத ஒரு கீறல். கடவுள் செய்த பல்லுக்குக் கீறல் இருக்கும், கம்பெனி பல்லுக்குத்தான் இருக்காது என்பாள். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த படங்களில் முதலாளியம்மா வாய்நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். எந்தப் பல் புதிது என்று அவருடைய சொந்தத் தங்கைக்கே தெரியவில்லையாம்.

மறுநாள் காலையில் போன் வந்தது. "கடைக்கு வாங்க. அன்னிக்கு நான் பேசினது தப்பு. எது பிடிக்குதோ ஒண்ணு எடுத்துக்கோங்க. எதுவா இருந்தாலும் சரி."

புருஷன் துள்ளிக் குதித்தார். சாய்ந்துகொள்ளும் தோல் நாற்காலி ஒன்று கடையில் இருப்பது அவள் சொல்லிச் சொல்லியே அவருக்கு மனப்பாடம். கூடத்தில் இருந்த பழைய மேசையை அப்போதே நகர்த்தி இடம் பண்ணிவிட்டார்.

பல்லக்கா பவுடர் போட்டுக்கொண்டு போனாள். விளக்கைப் பார்த்தாள், கம்பளியைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாள். முக்காலியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். கடைசியில், "அடுத்த வாரம் சொல்றேன் மேடம்," என்று வெறுங்கையோடு திரும்பினாள். அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரமும்.

"எடுத்துட்டு வரவேண்டியதுதானே? என்ன தயக்கம்?" என்று புருஷன் பொறுமையிழந்து கேட்டார்.

"எடுத்துட்டா ஒண்ணுதாங்க என்னுது. எடுக்காத வரைக்கும் கடையே என்னுது."

அவர் மேசையைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார். ஆனால் ஆள் விவரமானவர். இப்போதெல்லாம் அவரும் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு கூடவே கிளம்பிவிடுகிறார். அவள் அலமாரி அலமாரியாகச் சுற்றி முடிக்கும்வரை, "சரியா இருக்கான்னு செக் பண்றேன்," என்று அந்தத் தோல் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார். முதுகு பரவாயில்லை என்கிறார்.

ஆண்டு ஒன்றாகிவிட்டது. கடையில் இருந்தால் முதலாளியம்மா தவறாமல் வந்து கேட்பார்.

"என்னம்மா, முடிவு பண்ணியாச்சா?"

"இல்ல மேடம். இன்னும் கொஞ்சம் தொட்டுப் பாக்கணும்."

இருவரும் சிரிப்பார்கள்.

போன சனிக்கிழமை நீலக் கண்ணாடிக் கூஜா ஒன்று புதிதாக வந்திருந்தது. கடலில் கொஞ்சம் எடுத்து உறையவைத்த மாதிரி ஒரு நீலம். பல்லக்கா அதைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டாள். இதுதான், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்த அதே நேரம், பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அதை நாங்க வாங்கிக்கலாமா? இல்ல, நீங்க எடுத்துட்டீங்களா?"

திரும்பினாள். புதிதாக வீடு பார்த்திருக்கும் இளம் ஜோடி. அந்தப் பெண்ணின் கண் கூஜாவை விட்டு அகலவில்லை. கூடவே, தொட்டால் உடைந்துவிடுமோ என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

விற்பனைப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லக்காவையே பார்த்தாள். பல்லக்கா பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, கூஜாவில் பதிந்திருந்த தன் விரல் தடங்களைத் துடைத்தாள். பிறகு அந்தப் பெண்ணின் கையை முன்னால் இழுத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கைப்பிடியில் எடுத்து வைத்தாள்.