மின்னலைக் கேட்கும் பெட்டி

இடி இடித்தால் அம்மாவின் வாய் ‘அர்ஜுனா, அர்ஜுனா’ என்று சொல்லும். கை வீட்டிலுள்ள பிளக்குகளையெல்லாம் பிடுங்கும். டிவி, ஃபிரிட்ஜ், மிக்ஸி, கடைசியில் போன் ஆஃப். திருத்தணியில் மலையோரத்து எங்கள் தெருவே அப்படித்தான். ஒருமுறை மின்னல் இறங்கி நாலைந்து வீட்டு டிவிகளை ஒரே வாயில் விழுங்கிவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகு அர்ஜுனனை மட்டும் நம்பி யாரும் உட்காரவில்லை.

இப்படிப்பட்ட எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் மாமா மின்னல் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மாமா, அம்மாவின் தம்பி. சென்னையில் பொறியியல் கல்லூரி வாத்தியார். மாடியில் கம்பமும் ஆண்டெனாவும், கீழே கூடத்தில் பச்சை விளக்கு எரியும் சின்னப் பெட்டி. பார்க்க வந்த தெருக்காரர்களில் பாதிப் பேர் அது மின்னலை இழுக்கும் என்றார்கள், பாதிப் பேர் தடுக்கும் என்றார்கள்.

“இழுக்கவும் இழுக்காது, தடுக்கவும் தடுக்காது. கேட்டுகினு இருக்கும், அவ்ளோதான்” என்றார் மாமா.

“கேட்டுகினு இருக்கத்தான் இந்த வூட்ல நான் இருக்கேனே” என்றார் நைனா, என் அப்பா.

மின்னல் வெட்டும்போது ரேடியோ கரகரக்குமே, அந்தக் கரகரப்பைத்தான் பெட்டி பிடிக்கிறதாம். பிடித்த நேரத்தைச் செயற்கைக்கோள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து, எங்கோ இருக்கும் கணினிக்கு அனுப்புமாம். இதேபோல் ஊர் ஊராகப் பெட்டிகள். கிட்டத்திலுள்ள பெட்டிக்கு முதலில் கேட்கும், தூரத்துப் பெட்டிக்கு நூலளவு தாமதமாகக் கேட்கும். அந்தத் தாமதங்களை ஒத்துப் பார்த்தால் மின்னல் விழுந்த இடம் தெரிந்துவிடும். ஒற்றைப் பெட்டியின் பேச்சு எடுபடாது, நாலு பேர் சாட்சி சொன்னால்தான் வழக்கு நிற்கும் என்று மாமா முடித்தார். எனக்கு விளங்கியது பச்சை விளக்கு மட்டும்.

சில மாதம் கழித்து மாமா கடுகடுவென்று வந்து இறங்கினார். மற்ற நாளெல்லாம் ஒழுங்காக இருக்கும் பெட்டி, மின்னல் வரும்போது மட்டும் செத்துப்போகிறதாம். ஒயரை இழுத்துப் பார்த்தார், ஆண்டெனாவைத் தட்டிப் பார்த்தார், கோளாறு பிடிபடவில்லை. அன்று மதியமே கோடை மழைக்கு வானம் இருட்டியது. முதல் இடிக்கு அம்மா எழுந்தாள். டிவி, ஃபிரிட்ஜ், மிக்ஸி, மின்னல் பெட்டி.

“யக்கா, இன்னா பண்ற?”

“இடி இடிக்குது இல்ல? உன் சாமான் வீணாப் போனா நீதான அழுவ.”

மாமா தலையில் அடித்துக்கொண்டு தன் போனில் வரைபடத்தைத் திறந்தார். திருவாலங்காட்டுப் பக்கம் சிவப்புப் புள்ளிகள். நைனா அன்று அங்கேதான் கரும்பு வெட்டப் போயிருந்தார். அம்மா அந்தப் போனைப் பிடுங்கி நைனாவைக் கூப்பிட்டாள். ஆஃப். இடி இடித்தால் போனை அணைக்க அவரைப் பழக்கியதே அம்மாதான்.

அப்புறம் அவள் உட்காரவில்லை. வாசலுக்குப் போனாள், வந்தாள், துவைத்த துணியை மடித்தாள், மடித்ததை உதறி மறுபடி மடித்தாள்.

“கரெக்டா எங்கடா வுழுது?”

“தெரியலக்கா. மணவூருன்னும் காட்டுது, ஆலங்காடுன்னும் காட்டுது. இந்தப் பக்கத்துக்கு நம்ம பொட்டிதான் கேட்டுச் சொல்லணும். அத்தத்தான் நீ புடுங்கிட்டியே.”

வெளியே பளிச்சென்று வெட்டியது. அம்மா அர்ஜுனனைக்கூடக் கூப்பிடாமல் போய்ப் பிளக்கைச் செருகினாள். கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளப் பெட்டிக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்றார் மாமா. அந்தக் கொஞ்ச நேரம் முழுக்க அவள் கூடத்தில் நடந்தாள், நான் அவள் பின்னாலேயே நடந்தேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

பச்சை விளக்கு எரிந்தது. அடுத்த புள்ளி தடுமாறவில்லை. திருவாலங்காட்டுக் கரும்புக் கொல்லையின் மேலேயே வந்து உட்கார்ந்தது. “நைனா, அங்க நிக்காத, ஓடு” என்று நான் போனுக்குள் கத்தினேன். மாமா என் தோளைப் பிடித்து அழுத்தினார். அம்மா அந்தச் சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் வெளுத்துப்போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

பொழுது சாய்வதற்குள் நைனா தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். மின்னல் வரப்புப் பனைமரத்தில் இறங்கியதாம். இவர்கள் அதற்குள் லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். போனை ஏன் அணைத்தீர்கள் என்று மாமா கேட்டதற்கு, “ஆன்ல வெச்சா உங்கக்கா சும்மா வுடுவாளா?” என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள். ஈரம் போன பிறகும் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு அம்மாமேல் கோபமான கோபம். ஓடச் சொல்லிக் காப்பாற்றியது நான், என்னை ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று மூலையில் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். புள்ளி என்றால் மின்னல் விழப்போகும் இடம், நைனாவுக்கு ஓட இன்னும் நேரம் இருக்கிறது என்றே நான் நினைத்திருந்தேன். விழுந்து முடிந்த பிறகுதான் புள்ளி வரும் என்பது அம்மாவுக்குத் தெரியும்.