ஜன்னலில் வைத்த பாலும் மாத்தளைக் கோப்பியும்

மைசூருக்கு வந்த புதிதில், எங்கள் சமையலறை ஜன்னலில் தினமும் காலையில் ஒரு செம்பு பால் இருக்கும். யாரும் கதவைத் தட்டுவதில்லை, எதுவும் சொல்வதில்லை. குடித்தனக்காரர்களுக்குப் பால் கொடுப்பது இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நானும் என் மனைவி செல்லமும் முடிவு கட்டிக்கொண்டோம். பாலைத் தயிராக்கிச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, செம்பைக் கழுவி அதே இடத்தில் வைத்தோம். இலங்கையில், நம் மாத்தளையிலேயே இருந்துவிட்ட நீங்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். புது ஊரில் எது வழக்கம் என்று யார் நமக்குச் சொல்லித் தருகிறார்கள்?

அதைக் கோப்பியில் ஊற்ற மட்டும் எங்களுக்குத் தோன்றவில்லை. என் பூட்டனார் திருச்சிப் பக்கத்திலிருந்து கண்டிச் சீமைக்குப் போனதே கோப்பித் தோட்டத்துக்குத்தான். பிறகு இலைநோய் வந்து, துரைமார் கோப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை வைத்தார்கள். எங்கள் வீட்டுப் பின்புறம் பலா நிழலில் சில செடிகள் மட்டும் தப்பித்தன. அந்தக் கொட்டையைக் கொத்தமல்லியோடு வறுத்து, உரலில் இடித்து, வெந்நீரில் போட்டு இறக்கினால் முதலில் புகைவாசம் வரும், கடைசியில் மெல்லிய புளிப்பு நாக்கில் நிற்கும். பாலில்லாமல், கித்துள் பனையின் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்போம். சுதந்திரம் வந்து, அங்கே எங்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டமும் வந்தபின், கணக்கப்பிள்ளையாக இருந்த நான் இங்கே ஒரு பட்டு ஆலைக்கு வந்து சேர்ந்தேன். அப்பா வர மறுத்துவிட்டார். அவர் கொடுத்தனுப்பிய ஒரு பை கோப்பிக்கொட்டைதான் எங்களோடு வந்தது. கடல் தாண்டி இனி அது வர வழியில்லை. இந்த ஊரில் செல்லத்தின் முகம் மலர்வது அந்த ஒரு தம்ளர் நேரம்தான். பை இளைக்க இளைக்க, இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் நாங்கள் குடித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மாள் ரங்கநாயகி வந்தார். தலைமுறைகளாக மைசூரில் இருக்கும் ஐயங்கார் குடும்பம். தம்ளரை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, நான் வெக்கற பால் போறலியா? இன்னும் கறுப்பாவே குடிக்கறேளே."

பால் வாங்க வக்கில்லாதவர்கள் என்று எங்களை நினைத்திருக்கிறார். எங்கள் கௌரவம் கெடக்கூடாதென்று சொல்லாமல் கொள்ளாமல் வைத்துப் போயிருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. செல்லம் கலங்கவில்லை.

"இல்லாமக் குடிக்கலீங்கம்மா. எங்க ஊருக் கோப்பியே இப்படித்தாங்க. இந்தப் பை தீந்தா இனிக் கிடைக்காதுங்க."

ஒரு தம்ளர் ஊற்றி, ஒரு வெல்லத்துண்டையும் கொடுத்தாள். கருப்பட்டிக்கு இங்கே வெல்லம்தான். அம்மாள் அதைத் தம்ளருக்குள் போடப் போனார்.

"போடாதீங்கம்மா, கடிச்சுக்கிட்டே குடிக்கணும்."

அம்மாள் வெல்லத்தைக் கடித்துக்கொண்டு, தம்ளரைத் தூக்கி உதட்டில் படாமல் ஒரு வாய் விட்டுக்கொண்டார். "கஷாயம்னு நெனச்சேன். கடேசில நாரத்தை மாதிரி என்னமோ வர்றதே," என்றார். இன்னொரு வாயும் குடித்தார். எழுந்து போகும்போது, கன்னடம் கலந்து, "சும்னே ஒரு பிடி கொட்டை குடும்மா, எங்காத்துல வறுத்துப் பாக்கறேன்," என்றார்.

செல்லம் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். உள்ளூர எரிச்சல்தான்; தினமும் பால் தந்தவருக்கு இல்லையென்று எப்படிச் சொல்வது? அள்ளிக் கொடுத்தாள்.

சில வாரங்களில் பை தீர்ந்தது. செல்லம் அதைத் தலைகீழாக உதறிவிட்டு, அடுப்பையும் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் என்ன சொல்லியும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ஜன்னலில் பால் செம்புக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலம் இருந்தது. வெளியே அம்மாள் நின்றிருந்தார்.

"நேத்திக்கு நீ பையை உதறினதைப் பாத்தேன். நீ குடுத்த கொட்டையை நான் வறுக்கவே இல்லம்மா. தீந்துபோற அன்னிக்குத் தவிப்பியேன்னுதான் வாங்கி வெச்சேன்."

செல்லம் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு வறுத்தாள், இடித்தாள். எங்கள் இருவர் தம்ளரிலும், வாழ்க்கையில் முதல் முறையாக, கோப்பியில் பாலை ஊற்றினாள். குடித்துப் பார்த்தேன். அந்தப் புளிப்பு எங்கும் போய்விடவில்லை, பாலுக்கு அடியில் இருந்தது.

அம்மாளுக்கு ஒரு தம்ளர் கறுப்பாகவே ஊற்றி, மேலே ஒரு வெல்லத்துண்டோடு ஜன்னலில் வைத்தாள்.