காற்று ஏற்றிய வயிறு

தாமல் ஊர்ப் பட்டம்மாளுக்கு வயிறு சரிந்து தொங்கத் தொடங்கிப் பல வருடமாகிவிட்டது. கர்ப்பப்பை எடுத்த இடத்தில் உள்தையல் விட்டுப்போய், அந்த வழியாகக் குடல் பிதுங்கி வந்திருந்தது. பழைய புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு கல்யாண மண்டபம் ஒன்றில் அண்டா தேய்த்து வந்தாள். பட்டுக்கடையில் வேலை பார்க்கும் மகள் கிரேஸ்தான் விடாப்பிடியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

டாக்டர் சுகாசினி வயிற்றை அழுத்திப் பார்த்தார். “குடல் ரொம்ப நாளா வெளியவே இருந்துடுச்சும்மா. இப்ப உள்ள அதுக்கு இடமில்ல. கொஞ்சம் கொஞ்சமா காத்து ஏத்தி வயித்த விரிக்கணும். அப்புறந்தான் ஆபரேஷன்.”

வயிற்றில் சிறு குழாய் ஒன்றைச் செருகித் தினமும் காற்று ஏற்றினார்கள். வயிறு மத்தளம் போல விறைத்தது. வலி என்னவோ தோள்பட்டையில். மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை, சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஈசிஜி வேறு. நெஞ்சில் ஒயர்களை மாட்டும்போது பட்டம்மாள் கண்ணை மூடிக்கொள்வாள்.

ஒருநாள் காலை, ஈசிஜி தாளைப் பார்த்த பயிற்சி டாக்டர் இன்னொருவரைக் கூப்பிட்டார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள். கிரேஸ் ஜன்னலோரம் நின்று அழுதாள்.

“இன்னாடி, நெஞ்சும் போச்சாமா?”

“அதெல்லாம் இல்லம்மா. பாத்துக்கினு இருக்காங்க.”

“கொழாய எடுக்கச் சொல்லு. ஊட்டுக்குப் போலாம். என்னால முடியல கிரேசு.”

சாயங்காலம் சுகாசினி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். “மாரடைப்பு இல்லம்மா. காத்து கீழ இருந்து தள்ளுது, இதயம் கொஞ்சம் சாஞ்சு போயிருக்கு. அதான் கோடு மாறித் தெரியுது. காத்த எறக்கிட்டு இன்னொரு தடவ எடுப்போம்.”

இறக்கியதும் மூச்சு இலகுவாயிற்று. புதிதாக எடுத்த தாளில் கோடுகள் ஏறக்குறையப் பழையபடி ஓடின.

“திரும்ப ஏத்துவீங்களா?” என்று கேட்டாள் பட்டம்மாள்.

“ஏத்தணும். இந்த வாட்டி மெதுவா.”

வேண்டாம் என்றால் கிரேஸ் கூட்டிப்போய்விடுவாள். போனால் மறுபடி அந்தத் துணிக்கட்டு. மண்டபத்துக்கு வருகிறவர்கள் “எத்தினி மாசம்?” என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

“ஏத்துங்க” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் குடலை உள்ளே தள்ளி, மறுபடி பிதுங்காதபடி வலை வைத்துத் தைத்தார்கள். இனி கனம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தாமல் போகும் பஸ்ஸில் கிரேஸ் மெல்லக் கேட்டாள்.

“இப்ப எப்டிம்மா இருக்குது?”

“தூக்கமா வருது. செத்த பேசாம வா.”